வாசலைத் தாண்டிப் போவதற்கு யார் பொறுப்பு?

சொந்தமாக ஒரு டொமைன் வைத்து இணையத்தில் சேவை நடத்தும் நிறுவனம் எதுவானாலும் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் பெட்டி வைத்திருக்க வேண்டும். 1997 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 2142 என்ற ஆவணம் இதை எழுதிவைத்தது. நெட்வொர்க் கோளாறுகளுக்கு 'என்.ஓ.சி.', அஞ்சல் சிக்கல்களுக்கு 'போஸ்ட்மாஸ்டர்', அந்த நெட்வொர்க்கிலிருந்து கிளம்பும் தீங்குகளைப் பற்றிப் புகார் சொல்ல 'அப்யூஸ்'. உலகின் எந்த மூலையில் இருப்பவரும், முன்பின் அறியாத ஒரு நெட்வொர்க்கை நடத்துபவருக்கு இந்த முகவரியில் எழுதலாம். அங்கே ஒருவர் அதைப் படித்து ஆவன செய்வார் என்பதே இதன் பின்னுள்ள எதிர்பார்ப்பு.

பல இடங்களில் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. ஸ்பேம், மோசடி, பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் போக்குவரத்தைக் குவித்து ஒரு தளத்தை முடக்கும் டிடாஸ் தாக்குதல், வசை, ஆள்மாறாட்டம் என்று இணையத்தின் தீங்குகளைப் பேசும்போது குற்றவாளியின் தந்திரத்தைப் பேசுகிறோம். ஏமாந்தவரின் கவனக்குறைவைப் பேசுகிறோம். இருவருக்கும் நடுவில் நிற்கிற, நெட்வொர்க்கை நடத்துகிற ஆளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடந்த நாற்பதாண்டு அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தீங்கால் அடிபடுபவரால் அதை நிறுத்த முடிவதில்லை. நிறுத்தக்கூடிய இடத்தில் இருப்பவருக்கோ அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. இந்த முரண்தான் சிக்கலின் வேர். எப்போதெல்லாம் இது கொஞ்சமாவது சரிசெய்யப்பட்டதோ, அப்போதெல்லாம் இணையம் கொஞ்சம் சுத்தமாகியிருக்கிறது. அந்த வரலாற்றையும் இன்றைய நிலையையும் ஒருசேரப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நம்பிக்கையின் மேல் எழுந்த கட்டமைப்பு

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஆய்வாளர்களும் ராணுவத் துறையினரும் மட்டுமே இருந்தார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சிறிய கூட்டம். அங்கேயே 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துயர்க், தங்கள் புதிய கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சில் அனுப்பினார். இன்று ஸ்பேம் என்று சொல்லப்படுவதன் முதல் உதாரணமாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். உடனே எதிர்ப்பு எழுந்தது, கண்டனமும் போனது. ஆனால் அந்தக் கண்டனத்துக்குப் பின்னால் இருந்தது கூச்சமும் மரியாதையும்தான். தொழில்நுட்பத்தில் தடுப்பு எதுவும் இல்லை.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற அஞ்சல் நெறிமுறை இன்றும் உலக மின்னஞ்சலின் அடிப்படை. அனுப்புகிறவர் "நான் இன்னார்" என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி அது வடிவமைக்கப்பட்டது. அன்றைய சூழலில் அது குறையாகப் படவில்லை. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் வெளியிட்ட ஒரு புழு நிரல், தானாகவே கணினிக்குக் கணினி தாவி, இணைப்பிலிருந்த கணினிகளில் பத்தில் ஒரு பங்கை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அந்த அதிர்ச்சியில்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சி.இ.ஆர்.டி. என்ற அவசர உதவி மையம் பிறந்தது. இந்தியாவின் செர்ட்-இன் 2004இலும் இலங்கையின் செர்ட் 2006இலும் தொடங்கப்பட்டதற்கு முன்மாதிரி அதுவே.

1994 ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதியர் லாரன்ஸ் கேன்டரும் மார்த்தா சீகலும் கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதாக ஒரு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் விவாதக் குழுக்களில் போட்டார்கள். கண்டனம் குவிந்தபோதும் அவர்கள் வருந்தவில்லை. இதனால் வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். மரியாதை ஒன்றே காவலாக இருந்த காலம் அத்துடன் முடிந்தது. அனுப்புகிறவருக்குச் செலவு ஏதுமில்லை. பெறுகிறவரும் இடையில் சுமக்கிற நெட்வொர்க்குமே செலவைத் தாங்க வேண்டும் என்ற கணக்கு அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

நெட்வொர்க்காரரின் ஒரு நாள்

தீங்கைத் தடுப்பது நெட்வொர்க் நடத்துபவரின் வேலைகளில் ஒன்றுதான். பெரும்பாலும் அது கடைசி வேலை. முதல் வேலை, லைன் அறுந்துபோகாமல் பார்ப்பது. சாலை தோண்டும் ஜே.சி.பி. ஃபைபரை வெட்டிவிடும். மின்சாரம் போய், யூ.பி.எஸ். பேட்டரி தீர்ந்து, தெருமுனைப் பெட்டி அணைந்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மரங்களோடு மின்கம்பிகளும் கேபிள்களும் சேர்ந்து விழுந்தன. நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் இணைப்பு இல்லை. ஊர்ப்புறங்களில் கேபிள் டி.வி. ஆபரேட்டர்களே பிராட்பேண்டும் தருகிறார்கள். லைன் இழுப்பவர், பில் வசூலிப்பவர், ரவுட்டரை அமைப்பவர் எல்லாம் அங்கே ஒரே ஆளாக இருப்பதும் உண்டு. அவருடைய தொலைபேசி ஓயாமல் அடிக்கும் நேரத்தில், எங்கிருந்தோ ஆங்கிலத்தில் வந்து கிடக்கும் அப்யூஸ் புகாரை அவர் எப்போது படிப்பார்?

இரண்டாவது வேலை, பாதை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகளின் கூட்டு. "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன" என்று ஒவ்வொன்றும் அண்டை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும், பி.ஜி.பி. என்ற நெறிமுறை அந்த அறிவிப்புகளைச் சுமந்து செல்லும். இதுவும் நம்பிக்கையில் ஓடுவதே. 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவில் ஏ.எஸ். 7007 என்ற எண்ணுடைய நெட்வொர்க், பிறருடைய முகவரிகளையெல்லாம் தன்னுடையவை போல அறிவித்துவிட, உலகின் பெரும்பகுதிப் போக்குவரத்து அங்கே குவிந்து தடுமாறியது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடைசெய்யச் சொன்னபோது, பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டுக்கு மட்டும் போட நினைத்த பொய்ப்பாதை ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. வழியாக உலகுக்குக் கசிந்தது. யூடியூப் தன் முகவரிகளைப் பெரிய தொகுப்பாக அறிவித்திருந்தது; பாகிஸ்தானின் அறிவிப்பு அதற்குள் ஒரு சிறு பகுதியைச் சுட்டியது. குறுகிய அறிவிப்புக்கே முன்னுரிமை என்பது ரவுட்டர்களின் விதி. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை.

சொந்தக் கையால் நேரும் விபத்துகளும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் வழக்கமான பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. அதைத் தொடர்ந்து, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அதன் டி.என்.எஸ். சர்வர்கள் தங்கள் பாதை அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. பழுது பார்க்க வேண்டிய கருவிகளும் அதே நெட்வொர்க்கைச் சார்ந்திருந்ததால் பொறியாளர்கள் சர்வர் அறைக்குள் நேரில் போய் நிற்க வேண்டியதாயிற்று. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கே இதுதான் நிலைமை என்றால், நெட்வொர்க் நடத்துவது எத்தனை நுணுக்கமான வேலை என்பதை விளக்கத் தேவையில்லை.

மின்னஞ்சல்: மூன்று தலைமுறைத் தடுப்பு

தீங்கைத் தடுக்கும் கலை முதலில் வளர்ந்தது மின்னஞ்சலில். 1990களில் பெரும்பாலான அஞ்சல் சர்வர்கள் யார் கொடுத்தாலும் வாங்கி, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிவைத்தன. ஸ்பேம் அனுப்புவோர் அந்தத் திறந்த சர்வர்களில் ஏறிச் சவாரி செய்தார்கள். 1997இல் பால் விக்ஸி தொடங்கிய மேப்ஸ் என்ற முயற்சி, ஸ்பேமுக்கு இடம்கொடுக்கும் முகவரிகளைப் பட்டியலிட்டு, எந்தச் சர்வரும் ஒரு நொடியில் கேட்டு அறியும்படி வெளியிட்டது. 1998இல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் அதே வழியில் உலகளவில் வளர்ந்தது. பட்டியலில் ஏறிய நெட்வொர்க்கின் வாடிக்கையாளர்களுக்கு அஞ்சல் போகாது. அவர்கள் தங்கள் நிறுவனத்திடம் சண்டைக்கு வருவார்கள். அதுவரை அடுத்தவர் தலைவலியாக இருந்த ஸ்பேம் அன்றுமுதல் சொந்தத் தலைவலியாகிவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன முரணைச் சரிசெய்த முதல் கருவி இதுவே.

பட்டியல் போடுவோருக்கும் எளிதான வாழ்க்கை இல்லை. 2006இல் ஒரு மின்னஞ்சல் விளம்பர நிறுவனம் சிகாகோ நீதிமன்றத்தில் ஸ்பாம்ஹாஸ் மீது 1 கோடியே 17 லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றது. மேல்முறையீடுகள் நடந்து முடிய 2011 ஆனது. அப்போது அந்தத் தொகை வெறும் 3 டாலராகக் குறைந்திருந்தது. 2013 மார்ச்சில் அதே ஸ்பாம்ஹாஸ் மீது நொடிக்கு 300 கிகாபிட் வரை எட்டிய டிடாஸ் தாக்குதல் ஏவப்பட்டது. அந்தக் காலத்தில் வெளியே தெரிந்தவற்றில் அதுவே மிகப் பெரியது.

இரண்டாவது தலைமுறைத் தடுப்பு, வீட்டு இணைப்புகளிலிருந்து 25ஆம் போர்ட் வழியாக நேரடியாக அஞ்சல் வெளியேறுவதை அடைப்பது. வீட்டுக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்தால் அது தானே ஒரு அஞ்சல் சர்வராக மாறி லட்சக்கணக்கில் ஸ்பேம் கக்கும். சாதாரண வாடிக்கையாளருக்கு அந்தப் போர்ட் தேவையே இல்லை. பாஸ்வேர்டு கேட்கும் 587ஆம் போர்ட் அவருக்குப் போதும். ரவுட்டரில் எழுதும் ஒரே ஒரு விதி பல லட்சம் கெட்ட அஞ்சல்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

மூன்றாவது தலைமுறை, அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது. எந்தச் சர்வர்கள் என் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று டொமைனின் உரிமையாளரே அறிவிப்பது எஸ்.பி.எஃப். அஞ்சலுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுவது டி.கே.ஐ.எம். இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்வது டிமார்க். மூன்றும் பல ஆண்டுகள் விருப்பம் இருந்தால் செய்யும் விஷயமாகவே கிடந்தன. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அஞ்சல் அனுப்புவோர் மூன்றையும் அமைக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. பத்தாண்டுகள் வேண்டுகோள் விடுத்தும் நடக்காதது சில மாதங்களில் நடந்தது. அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்தும் சிறு பள்ளிக்கும் சங்கத்துக்கும் நுழைவு இன்னும் கடினமாகியிருக்கிறது. ஒருநாள் ஒரு பட்டியலில் ஏறிவிட்டால் இறங்குவதற்கு யாரிடம் பேசுவது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. தடுப்பின் அதிகாரம் சில பெரிய நிறுவனங்களின் கையில் குவியும்போது, முறையிடும் வழியும் அதே வேகத்தில் வளர வேண்டும்.

டிடாஸ்: வெளியே போவதைக் கவனிக்காததன் விலை

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலைக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டு, கழிவுநீரைச் சாலையில் விட்டால் தெரு நாறும். இணையத்தில் நடப்பது அதுதான். உள்ளே வருவதைத் தடுக்க எல்லோரும் ஃபயர்வால் வாங்குகிறார்கள். தன்னிடமிருந்து என்ன வெளியேறுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

2000 மே மாதம் பால் ஃபெர்கசனும் டேனியல் சீனியும் எழுதிய பி.சி.பி. 38 என்ற ஆவணம் இதற்கு எளிய தீர்வைச் சொன்னது. வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்த ஐ.பி. முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டை மட்டும் வெளியே விடுங்கள். வேறு முகவரியைப் போலியாகச் சுமந்து வருவதை வாசலிலேயே கொட்டிவிடுங்கள் என்றது அது. கால் நூற்றாண்டு ஆகியும் எல்லோரும் அதைச் செய்யவில்லை. காரணம் எளியது. செய்பவருக்கு உழைப்பு, பலன் முழுவதும் வேறொருவருக்கு.

அதைச் செய்யாததன் விளைவைப் பெருக்கத் தாக்குதல்களில் பார்க்கலாம். தாக்குபவர், பலியாகப் போகிறவரின் முகவரியைத் தன்னுடையதாகப் போட்டு, திறந்து கிடக்கும் சர்வர்களிடம் சிறிய கேள்விகள் கேட்பார். பெரிய பதில்கள் பலியானவரின் தலையில் விழும். டி.என்.எஸ். சர்வரில் இந்தப் பெருக்கம் சில பத்து மடங்கு; மெம்கேஷ்டு என்ற மென்பொருளில் பல்லாயிரம் மடங்கு. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் மோதிய தாக்குதல் மெம்கேஷ்டு வழியாக வந்தது. போலி முகவரியோடு அந்தச் சிறு கேள்விகள் வெளியேறாமல் முதல் நெட்வொர்க்கே தடுத்திருந்தால் தாக்குதலே பிறந்திருக்காது.

2016இல் வந்த மிராய் வேறொரு பாடத்தைச் சொல்லித்தந்தது. கேமரா, டி.வி.ஆர்., வீட்டு ரவுட்டர் ஆகியவற்றில் தயாரிப்பாளரே வைத்து அனுப்பும் பாஸ்வேர்டுகளில் 60 சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்து, அது லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தை அது நொடிக்கு 620 கிகாபிட்டில் தாக்கியது. அக்டோபர் 21 அன்று டைன் என்ற டி.என்.எஸ். நிறுவனம் தாக்கப்பட்டபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவின் பல பகுதிகளில் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களின் தொழில்போட்டியில் இருந்து தொடங்கிய மூன்று இளைஞர்கள்.

கேமரா கடத்தப்பட்ட வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. ஊர் ஆபரேட்டர் போன் செய்து "அண்ணே, உங்க கேமராவுல பிரச்சினை இருக்கு, பாஸ்வேர்டை மாத்தணும்" என்று சொன்னால், "நெட் நல்லாத்தானே தம்பி வருது?" என்ற கேள்விதான் பதிலாக வரும். இருவர் மீதும் குற்றமில்லை. ஒரே பாஸ்வேர்டோடு லட்சம் கருவிகளை விற்ற தயாரிப்பாளர் இந்தப் பேச்சில் இல்லவே இல்லை என்பதுதான் குறை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எளிதில் ஊகிக்கக்கூடிய பொது பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்பதைத் தடைசெய்தது. சுமையைச் சரியான தோளுக்கு மாற்றும் முயற்சி அது.

ஒரு முகவரி, நூறு பேர்

புகார் வந்தது, நடவடிக்கை எடுக்கவும் மனமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் செய்தது யார்? ஐ.பி.வி.4 முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகளே உண்டு. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் தன் கடைசித் தொகுப்புக்கு வந்து, பங்கீட்டு முறையில் அளக்கத் தொடங்கியது. அதன் பிறகு வளர்ந்த நெட்வொர்க்குகள் ஒரு முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இந்த சி.ஜி.நாட் ஏற்பாட்டில் ஒரு முகவரிக்குப் பின்னால் நூறு வீடுகள் இருக்கலாம். அந்த முகவரியைத் தடுத்தால் ஒரு குற்றவாளியோடு தொண்ணூற்றொன்பது அப்பாவிகளும் வெளியே நிற்பார்கள். எந்த வீடு என்று கண்டுபிடிக்க முகவரி மட்டும் போதாது; துல்லியமான நேரமும் போர்ட் எண்ணும் வேண்டும். பெரும்பாலான புகார்களில் போர்ட் எண் இருப்பதில்லை.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குச் சீராக்க வேண்டும் என்றது. கடைசி விதி சின்னதாகத் தோன்றும். ஆனால் கடிகாரம் சில நொடி தவறினாலே சி.ஜி.நாட்டில் வேறொரு வீட்டுக் கதவு தட்டப்படும். அதே சமயம், லாக் என்பது ஒரு குடிமகன் எங்கே போனான், யாரோடு தொடர்பு கொண்டான் என்ற பதிவு. அதைச் சேர்த்து வைப்பவர் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25 அன்று அமலுக்கு வந்தபோது, டொமைன் உரிமையாளர் யார் என்று காட்டும் ஹூயிஸ் பதிவுகளில் பெயர்களும் முகவரிகளும் பெருமளவு மறைக்கப்பட்டன. மோசடித் தளங்களைத் துரத்துவோருக்கு அது பெரிய இழப்பு. வீட்டு முகவரி தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே சொந்தத் தளத்தில் எழுதிய சாதாரண மனிதருக்கு அது பெரிய நிம்மதி. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றை மொத்தமாகப் பலிகொடுக்காமல், முறையான விசாரணைக்கு மட்டும் கதவு திறக்கும் ஏற்பாடுதான் நியாயமானது.

மொத்தமாக வெட்டுவதன் பலமும் ஆபத்தும்

சில நேரங்களில் ஒரே வெட்டில் பெரிய பலன் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனம், ஸ்பேம் அனுப்பும் பல பாட்நெட்டுகளின் (கடத்தப்பட்ட கணினிக் கூட்டங்களின்) கட்டுப்பாட்டு சர்வர்களுக்கு இடம் கொடுத்துவந்தது. பிரையன் கிரெப்ஸ் திரட்டிய ஆதாரங்கள் அதற்கு மேல்நிலை இணைப்பு தந்த இரண்டு நிறுவனங்களின் முன் வைக்கப்பட்டன. 2008 நவம்பர் 11 அன்று அவை இணைப்பைத் துண்டித்தன. உலக ஸ்பேம் அளவு ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. சில மாதங்களில் வேறு இடங்களிலிருந்து அது மீண்டும் ஏறியது என்றாலும், பொறுப்பேற்க வேண்டியவர் பொறுப்பேற்றால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

வெட்டுவதற்கு முன் யோசித்த நிகழ்வும் உண்டு. டி.என்.எஸ். சேஞ்சர் என்ற தீநிரல் சுமார் 40 லட்சம் கணினிகளைக் குற்றவாளிகளின் சர்வர்களுக்குத் திருப்பியிருந்தது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் கைதுகள் நடந்தன. அந்த சர்வர்களை உடனே அணைத்திருந்தால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் இணையமே நின்றிருக்கும். நீதிமன்ற அனுமதியோடு, ஐ.எஸ்.சி. என்ற லாப நோக்கற்ற நிறுவனம் அதே முகவரிகளில் சுத்தமான சர்வர்களை 2012 ஜூலை 9 வரை நடத்தியது. அதற்குள் பெரும்பாலானோர் தங்கள் கணினிகளைச் சரிசெய்துகொண்டார்கள்.

யோசிக்காமல் வெட்டியதும் நடந்திருக்கிறது. 2014 ஜூன் இறுதியில் மைக்ரோசாஃப்ட், தீநிரல்களை ஒடுக்க நீதிமன்ற ஆணை பெற்று நோ-ஐபி நிறுவனத்தின் டொமைன்களைக் கையிலெடுத்தபோது, எந்தத் தவறும் செய்யாத லட்சக்கணக்கான பயனர்களின் சேவை நின்றது. 2024 அக்டோபரில் இத்தாலியின் திருட்டு ஒளிபரப்புத் தடுப்பு அமைப்பு கூகுள் டிரைவின் ஒரு முகவரியையே அடைத்துவிட்டது. கை எவ்வளவு பெரியதோ, அவ்வளவு நிதானம் வேண்டும்.

வசையும் மோசடியும்: மனிதர் மேல் பாயும் தீங்கு

பாக்கெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத தீங்கு ஒன்று உண்டு: மிரட்டல், ஆபாசப் படப் பரப்பல், சமூக வெறுப்பு. இங்கே நெட்வொர்க்காரரின் இடத்தில் சமூக ஊடக நிறுவனம் நிற்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. புகாரை யார் படிக்கிறார், எந்த மொழியில் படிக்கிறார்?

2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில், திகன பகுதியில், முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. அதற்கு முன்பே சிங்களத்தில் வெறுப்புப் பதிவுகள் பரவியதைச் சமூக அமைப்புகள் ஃபேஸ்புக்கிடம் சுட்டிக்காட்டியிருந்தன. சிங்களம் தெரிந்த சரிபார்ப்பாளர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். அரசு சமூக ஊடகங்களையே தற்காலிகமாக முடக்கியது. அதனால் வதந்தியை மறுத்தவர்களின் வாயும் அடைபட்டது. 2020 மே மாதம் ஃபேஸ்புக் தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. தமிழுக்கும் இதே ஆபத்து இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் வசை, வட்டாரச் சொல்லில் ஒளிந்திருக்கும் சாதி இழிவு ஆகியவை ஆங்கிலத்தில் பழகிய வடிகட்டிக்குப் பிடிபடாது. தமிழ்-ஆங்கிலக் கலப்புப் பதிவுகளை வைத்து 2020 முதல் ஃபயர் மாநாட்டு ஆய்வுக் குழுக்கள் நடத்தும் போட்டிகள் நல்ல தொடக்கம். இருந்தாலும் ஊர் தெரிந்த மனிதரின் கண் இல்லாமல் எந்த நிரலும் போதாது.

அந்த மனிதரின் நலனும் முக்கியம். நாள் முழுவதும் கொடூரக் காட்சிகளைப் பார்த்து மனம் உடைந்த அமெரிக்கச் சரிபார்ப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 2020 மே மாதம் ஃபேஸ்புக் 5 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஏற்கெனவே கண்டுபிடித்த குழந்தைவதைப் படங்களை மறுபடி மனிதக் கண் பார்க்காமல் அடையாளம் காணும் ஃபோட்டோடி.என்.ஏ. 2009இல் வந்தது. ஒருவர் தன் அந்தரங்கப் படத்தைத் தன் போனிலேயே எண்வடிவ ரேகையாக மாற்றி, படத்தைக் கொடுக்காமலேயே தளங்களில் தடுக்கச் செய்யும் ஸ்டாப்-என்.சி.ஐ.ஐ. 2021இல் வந்தது. தொழில்நுட்பம் மனிதரின் சுமையைக் குறைத்த நல்ல உதாரணங்கள் இவை.

சட்டத்தின் பங்கு என்ன? இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் பதிவுக்கும்கூடச் சிறை என்று எழுதப்பட்டிருந்தது. அரசியல்வாதிகளை விமர்சித்தவர்கள் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அப்பிரிவை ரத்து செய்தது. 2021 விதிகள் புகார் அதிகாரியைக் கட்டாயமாக்கி, அந்தரங்கப் படப் புகாருக்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தக் கெடு மிக அவசியமான உரிமை. விமர்சனத்தை அடக்க அதே வழியை ஆட்சியில் இருப்பவர்கள் பயன்படுத்தாமல் பார்ப்பதும் அதே அளவு அவசியம்.

மோசடிக்காரர் என்றாலே மனதில் எழும் உருவத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டு இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். 2022இல் அவர்களில் சிலர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். திரையின் இரு பக்கமும் பலியாட்கள் இருக்கக்கூடிய தொழில் இது. இந்தியாவில் பணம் பறிபோனவுடன் 1930 என்ற எண்ணை அழைத்தால் வங்கி வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தாமதம் ஆக ஆக அந்த வாய்ப்பு கரைந்துவிடும். இங்கேயும், புகாரை உடனே படித்து உடனே செயல்படும் ஒருவர் மறுமுனையில் இருப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

செய்யக்கூடியவை

இத்தனை பிரிவுகளிலும் வென்ற முறைகளுக்கு ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. தீங்கைத் தடுக்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்கு, தடுக்காமல் இருப்பதன் விலையை அவை உணர்த்தின. அந்த வழியில் இன்னும் செல்ல நிறைய தூரம் இருக்கிறது.

2014இல் இன்டர்நெட் சொசைட்டியின் ஆதரவோடு தொடங்கிய மேனர்ஸ் என்ற இயக்கம் நெட்வொர்க்குகளிடம் நான்கு விஷயங்களைக் கேட்கிறது: தவறான பாதைகளை அறிவிக்காதீர்கள், போலி முகவரிப் பாக்கெட்டுகளை வெளியே விடாதீர்கள், தொடர்புகொள்ளச் சரியான விவரத்தை வெளியிட்டு வையுங்கள், உங்கள் பாதைகளைப் பிறர் சரிபார்க்கும்படி பதிவு செய்யுங்கள். கடைசியதற்கான ஆர்.பி.கே.ஐ. முறை 2024 மே மாதத்தில் உலக ஐ.பி.வி.4 பாதைகளில் பாதிக்கு மேல் எட்டிவிட்டது. எனவே நடக்காது என்று சொல்ல இடமில்லை. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் இணைய இணைப்புக்கு டெண்டர் விடும்போது இந்த நான்கையும் நிபந்தனையாக எழுதலாம். புதிய சட்டம் தேவையில்லை. டெண்டர் படிவத்தில் சில வரிகள் போதும்.

சிறு ஆபரேட்டரைத் தனியாக விட்டுவிடக் கூடாது. ஊருக்கு ஒருவர் அப்யூஸ் புகார் படிக்க முடியாது. மாவட்டத்துக்கு ஒரு கூட்டு மையம் வைத்து, வரும் புகார்களைத் தமிழில் சுருக்கி, எந்த வாடிக்கையாளர், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்ல முடியும். ஆபரேட்டர் சங்கங்களும் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்தால் நடத்தக்கூடிய வேலை இது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது.

நிறுவனங்களுக்குள்ளும் ஒரு மாற்றம் வேண்டும். புகார்ப் பெட்டியைப் படிக்கும் பணி பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவரிடம் தள்ளப்படுகிறது. கெட்ட வாடிக்கையாளரின் இணைப்பை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருப்பதில்லை, ஏனெனில் அந்த வாடிக்கையாளர் மாதாமாதம் பணம் கட்டுகிறார். விற்பனைப் பிரிவின் சம்மதமில்லாமலே முடிவெடுக்கும் அதிகாரத்தோடு, ஒரு மூத்த பொறியாளர் அந்த இருக்கையில் அமர வேண்டும். தவறாகத் தடுக்கப்பட்டவர் முறையிட வந்தால் கேட்பதும் அவருடைய கடமையாக இருக்க வேண்டும்.

வாசகருக்கும் பங்கு உண்டு. வீட்டு ரவுட்டரிலும் கேமராவிலும் வந்தபடியே இருக்கும் பாஸ்வேர்டை மாற்றுவது, அவற்றின் மென்பொருளைப் புதுப்பிப்பது, ஆபரேட்டர் எச்சரித்தால் காதுகொடுப்பது, மோசடியைக் கண்டால் நமக்கு ஆகாவிட்டாலும் புகார் கொடுப்பது ஆகியவை அந்தப் பங்கு. நம் வீட்டிலிருந்து கிளம்பும் பாக்கெட் எங்கோ ஒரு மருத்துவமனையின் சர்வரை முடக்கக்கூடும். அது நமக்குத் தெரியப்போவதில்லை. தெரியாத ஒருவருக்காக நம் வாசலில் ஒரு வேலையைச் செய்வது என்ற பண்பை நம்பித்தான் இணையம் பிறந்தது. அந்த நம்பிக்கையை இனி வெறும் மரியாதையாக விட்டுவைக்க முடியாது; நெட்வொர்க் நடத்துபவர், தயாரிப்பாளர், தளம், அரசு, பயனர் ஒவ்வொருவரின் கணக்கிலும் அதைக் கடமையாக எழுதியாக வேண்டும்.